இரவல் சளி

வேறு டாக்டரைப் பார்க்கச் சுராட், அதாவது கடிதம், கேட்டதற்கு அந்த நர்ஸ் மிஸ்ஸி சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கவுண்டரில் அடுக்கியிருந்த மருந்து உறைகளை எல்லாம் ஒரே தட்டாகத் தட்டிவிட்டிருப்பேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்ததால் கையை அடக்கிக்கொண்டேன்.

"சுராட் என்னாத்துக்கு? இங்கயே டாக்டர் இருக்காருலா. இவருக்கு டீபி. மூணாவது தடவ திரும்பியிருக்கு. திங்கக்கிழமை வந்து வார்டுல படுக்கணும், மறுபடியும் ஊசி போடணும்" என்றாள்.

"போன தடவ போட்ட ஊசியில ஒரு காது சுத்தமா போச்சு, இன்னொண்ணு அரைகுறையா இருக்கு. அதையும் எடுத்துக்கலாம்னு பாக்குறீங்களா? நெஞ்சுக்குன்னே படிச்ச டாக்டர் டவுன்ல இருக்காங்களாம். அவங்களப் பாக்குறதுக்கு ஒரு சுராட் எழுதித் தரச் சொல்லுங்க."

"மாத்திரைய ஒழுங்காக் குடுத்திருந்தா ஏன்க்கா திரும்புது?"

பத்து வருஷமாக இந்தக் கேள்விதான் என் காதில் விழுகிறது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். சொன்னால் அங்கே உயிரைக் கொடுத்து வேலை செய்கிற நாலு நல்லவர்களுக்கும் சேர்த்துத் திட்டு விழும். ஆனால் அந்தக் கவுண்டரில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதே கேள்விதான். அவர் இளைத்தால் நான் மாத்திரை கொடுக்கவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் நான் மாத்திரை கொடுக்கவில்லை. தோட்டத்திலிருந்து வந்த பொம்பளை என்றால் புருஷனுக்கு மாத்திரை கொடுக்கக்கூடத் தெரியாதவள் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை.

அன்று எனக்கு ஃபேக்டரியில் லீவு. ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ரப்பர் கையுறை செய்கிற இடம். பக்கத்து மெஷினில் நிற்கிற பாப்பா என்கிறவள்தான் அந்த நெஞ்சு டாக்டரைப் பற்றிச் சொன்னாள். சுராட் இல்லாமல் போனால் பார்க்கமாட்டார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். அதனால் டாக்டர் அறை வாசலில், கதவுக்கு நேராக, தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். டாக்டர் சாப்பிடப் போகும்போது என்னைத் தாண்டிப் போனார். திரும்பி வரும்போதும் தாண்டி வந்தார். இரண்டு முறை காவலாளி வந்து எழுந்திரு என்றான். "தூக்கிட்டுப் போ" என்றேன். நான்கு மணிக்கு டாக்டர் ஒரு உறையை ஒட்டி, கதவைத் திறந்து, என் மடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

உறையைப் பைக்குள் வைத்து மூடினேன். ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மிஸ்ஸிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, அர்ச்சுனன் என்கிற என் வீட்டுக்காரருக்கே தெரியாது. இந்த டீபி இவருக்கு எப்படி வந்தது என்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

எழுபத்து நான்காம் வருஷம் நாங்கள் சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரன் வைத்த பெயர் எங்கள் ஆட்களின் வாயில் நுழையாது. ரெண்டாம் பாலத் தோட்டம் என்போம். இவர் மேட்டுக்காட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அந்த வருஷம் தைப்பூசம் கழிந்ததிலிருந்து இவருக்கு வறட்டு இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். மேட்டில் ஏறினால் பத்து மரத்துக்கு ஒரு மரம் பிடித்துக்கொண்டு நிற்பார். தோட்டத்து ஆட்களுக்கு வைத்தியம் பார்க்கிற டிரசர் கண்ணாடிக் குவளையில் ஒரு சிவப்புத் தண்ணீர் கொடுப்பார். வயிற்றுப்போக்குக்கும் அதுதான், முழங்கால் வலிக்கும் அதுதான். ஒரு மாதம் அதைக் குடித்தும் நிற்கவில்லை என்றதும் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தார்.

"நாளைக்குப் பெரட்டுக்கு முந்தி இதுல சளி வேணும். சளி இல்லாட்டி சீக்கு இல்ல. சீக்கு இல்லாட்டி வேலைக்குப் போ. மூணு நாள் வராட்டி பேரு அடிச்சிருவாங்க, எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார்.

விடிவதற்கு முன்பே எழுந்து இவர் இருமினார். நெஞ்சு கிழிகிற மாதிரி இருமினார். வந்ததெல்லாம் எச்சில். சளி இருந்தால்தானே வரும்? களைத்துப்போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு இன்னும் அரைமணி நேரம்கூட இல்லை.

லயத்து வரிசை வீடுகளில் எதுவும் இரவல் கிடைக்கும். உப்பு, மிளகாய், சுளகு, கல்யாணத்துக்குச் சேலை, பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் போட ஒரு நாற்காலி. இல்லை என்று சொன்னால் கேவலம். அந்தப் பழக்கத்தில்தான் நான் டப்பாவை எடுத்துக்கொண்டு நாலாவது வீட்டுக்குப் போனேன். அங்கே சன்னாசி இருந்தார். என் வீட்டுக்காரருக்கு மச்சான் முறை, அதனால் எனக்கு அண்ணன். இரண்டு பேரும் சேர்ந்து லயத்துக்குப் பின்னால் புறா வளர்த்தார்கள். வேலை முடிந்தால் சாப்பாடுகூட இல்லாமல் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். சன்னாசி அண்ணனுக்கும் இருமல் உண்டு. ஆனால் கரகரவென்று சளி கட்டிய இருமல்.

அவர் சம்சாரம் இருளாயி அண்ணி பைப்புக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"இதுக்குப் போயி இவ்ளோ தயங்குறியா? சக்கரையா கேட்ட, இல்லைங்கிறதுக்கு? இதுதான் எங்கிட்ட கொட்டிக் கெடக்கே" என்று சொல்லி, கொல்லைப் பக்கம் போய் டப்பாவை நிறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூடியைத் திருகினேன். என் வீட்டுக்காரர் பெயர் எழுதிய டப்பாவை நான்தான் டிரசர் கையில் கொடுத்தேன். இவருக்கு நான்கு நாள் லீவு கிடைத்தது. பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

மூன்றாவது வாரம் தோட்டத்து லோரி வந்து இவரை ஏற்றிக்கொண்டு போனது. சளியில் கிருமியாம். டிரசர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து பாயையும் தட்டையும் எரிக்கச் சொன்னார். அன்று சாயங்காலமே நான் சன்னாசி அண்ணனைத் தனியாகப் பார்த்தேன்.

"அண்ணே, அது ஒங்க சளி. ஒங்களுக்குத்தான் இருக்கு. போயி ஊசி போட்டுக்குங்க."

"சத்தம் போடாத தங்கச்சி. தோட்டத்தத் துண்டு துண்டா விக்கப்போறான்னு பேச்சு அடிபடுது. சீக்காளின்னு பேரு வந்தா புது மொதலாளி எடுப்பானா? வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவான். இருளாயிகிட்ட மூச்சு விடாத, அவ ஊரக் கூட்டிருவா. எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் கடா மாதிரி இருக்கேன்."

கேட்டுக்கொண்டு வந்தேன். என் மனசிலும் ஒரு கள்ளத்தனம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். டப்பா விஷயம் தெரிந்தால் டிரசர் எங்களையும் சேர்த்துத்தான் துரத்துவார். அதோடு ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் ஊசி போட்டதில் இவர் நன்றாகத் தேறினார். காய்ச்சல் நின்றது, இருமல் நின்றது, எடை கூடியது. அப்படியானால் இவருக்கும் டீபி இருந்திருக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இரவல் வாங்கியதும் உண்மையும் ஒன்றாகவே போய்விட்டது, யாருக்கும் நஷ்டம் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த மூன்றே வாரத்தில் மறுபடியும் இருமல். "மாத்திரை குடுக்கலியா?" என்றார் டிரசர்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் சன்னாசி அண்ணன் செத்துப்போனார். வேலைக்காட்டிலேயே ரத்தம் கக்கி விழுந்தார். குடல் வெந்துவிட்டது, சம்சுச் சாராயம் குடித்த வினை என்று டிரசர் சொன்னார். அண்ணன் சம்சு வாசனையே ஆகாதவர். இருளாயி அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். வாயைத் திறக்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் தோட்டம் துண்டானது. எங்கள் லயத்தில் பாதிப்பேர் ஜெலாப்பாங் மலிவு வீடுகளுக்கு வந்துவிட்டோம். இருளாயி அண்ணி எங்களுக்கு அடுத்த வீடு. சாமான்களோடு இவர் சன்னாசி அண்ணனின் புறாக்களையும் கொண்டுவந்தார். "மச்சான் நெனப்புக்கு" என்றார். பதினாலு புறா முப்பதுக்கு மேல் ஆனது. எழுபத்து ஒன்பதில் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஊசி, மறுபடி தேறினார். வரும்போது காது இரைகிறது என்றார். அடுத்த மாதம் கோயில் மணி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம் இருமல் திரும்பியது. புறா இறக்கைக் காற்று பட்டால் மூச்சு சீராகும் என்று எங்கள் ஆட்களில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி, கொல்லையில் இருந்த கூண்டை இழுத்துவந்து இவர் படுக்கிற ஜன்னலோடு ஒட்டி வைத்தவளும் நான்தான்.

நெஞ்சு டாக்டரின் கிளினிக் ஈப்போ டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது. கடை முன்னால் இருக்கிற அஞ்சடி நடைபாதையிலிருந்து செங்குத்தாக இருபத்திரண்டு படி. மூச்சு இருக்கிறவன்தான் மூச்சு டாக்டரைப் பார்க்கலாம் என்று எந்தப் புண்ணியவான் கட்டினானோ! ஐந்து படிக்கு ஒரு முறை இவர் உட்கார்ந்தார். உதடு நீலமாகிவிட்டது. கடை ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

டாக்டர் பெயர் நாகம்மை. செட்டியார் வீட்டு அம்மா. ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, மூக்கில் ஒற்றை வைரம். இவர்களுக்கு நம் கஷ்டம் எங்கே தெரியப்போகிறது என்று உள்ளே நுழையும்போதே எனக்கு எரிச்சல். ஆனால் அந்த அம்மா இவர் முதுகில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓர் இடத்தில் கேட்டுவிட்டு எடுத்துவிடவில்லை. மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். நகங்களைத் திருப்பிப் பார்த்தார். பத்து வருஷத்தில் இவரை இவ்வளவு நேரம் தொட்டுப் பார்த்த டாக்டர் வேறு யாரும் இல்லை. பிறகுதான் சுராட்டைப் பிரித்தார்.

"மருந்து ஒழுங்காச் சாப்பிடாத நோயாளி, வீட்டுல கவனிப்பு போதாதுன்னு எழுதியிருக்காரே?"

அவ்வளவுதான். மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற என் பாசார் பையைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தேன். பத்து வருஷத்து மருந்து உறைகள் அத்தனையும் கொட்டின. சில தரையில் விழுந்தன.

"பாருங்க டாக்டர்! ஒவ்வொண்ணுலயும் தேதி இருக்கு, பேரு இருக்கு. ஒரு மாத்திரை மிச்சம் இருந்தா எடுத்துக் காட்டுங்க! எந்த நாயி எழுதுனான் கவனிப்பு போதாதுன்னு? வாய்க்குள்ள வெரல விட்டுக்கூட முழுங்க வச்சிருக்கேன். நானும் மனுஷிதான், எத்தன வருஷம் இதக் கேக்குறது?"

டாக்டர் என்னை அதட்டவில்லை. குனிந்து தரையில் விழுந்த உறைகளைப் பொறுக்கினார். பத்துப் பதினைந்து உறைகளின் தேதிகளைப் படித்துப் பார்த்தார்.

"சரி, நம்புறேன். இத்தனையும் சாப்பிட்டு இவருக்குக் குணமாகலைன்னா, மருந்து தப்பா இருக்கணும், இல்லாட்டி நோய்ப் பேரே தப்பா இருக்கணும். ஆஸ்பத்திரியில இருந்தப்ப எப்படி இருந்தாரு?"

"நல்லா இருந்தாரு. வீட்டுக்கு வந்தா மூணு வாரத்துல திரும்பிரும்."

"ரெண்டு தடவையும் அப்படியேவா?"

"அப்படியேதான்."

"வீட்டுல என்ன இருக்கு? கோழி, பூனை, கிளி, ஏதாவது?"

"புறா இருக்கு. முப்பதுக்கு மேல. ஜன்னல் பக்கத்துலயே."

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார். எத்தனை வருஷமாக வளர்க்கிறார், யார் கூண்டைச் சுத்தம் செய்வது, அன்று சாயங்காலம் காய்ச்சல் வருமா என்று வரிசையாகக் கேட்டார். தோட்டத்திலிருந்தே, இவர்தான், ஆமாம் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். பறவையின் எச்சத்தூளும் இறகுத்தூளும் சில பேர் நெஞ்சுக்கு ஆகாது, உள்ளே போய்ப் போய் நுரையீரல் தடித்துவிடும், பார்ப்பதற்கு டீபி மாதிரியே இருக்கும் என்றார். ஆஸ்பத்திரியில் புறா இல்லாததால்தான் தேறியிருக்கிறார், இதற்கு மாத்திரை வேறு, ஊசி தேவையே இல்லை என்றார். எனக்கு அந்த அம்மா காலில் விழவேண்டும் போல இருந்தது.

ஆனால் அவர் முகம் தெளியவில்லை. சுராட்டில் ஒரு வரியை விரலால் தட்டினார்.

"எல்லாம் பொருந்துது, இது ஒண்ணுதான் இடிக்குது. எழுபத்தி நாலுல எடுத்த சளியில கிருமி இருந்திருக்கு. அப்புறம் எடுத்ததுல எதுலயும் இல்ல, ஆனா அந்த ஒண்ணுல இருந்திருக்கு. நான் குடுக்கப்போற மாத்திரை சாதாரண மாத்திரை இல்லம்மா. உள்ள டீபி கொஞ்சம் ஒளிஞ்சிருந்தாலும் அத எழுப்பி விட்டுரும். ஆளக் கொன்னுடும். அதனால இப்போதைக்கு நான் துணிஞ்சு குடுக்க முடியாது. நுரையீரலைக் கிள்ளி எடுத்துப் பாக்கணும், அதுக்கு கோலாலம்பூர் போகணும். இவரு இருக்கிற நெலமையில அத தாங்குவாரான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

இவர் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது ஒன்றும் அவர் காதில் விழவில்லை.

"அந்தச் சளி இவரோடது இல்ல டாக்டர்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, சன்னாசி அண்ணன், கொல்லைப் பக்கம், மூடியைத் திருகியது, நான் சிரித்தது. டாக்டர் சுராட்டை மடித்து வைத்தார்.

"அந்த சன்னாசி இப்ப எங்க?"

"செத்துட்டாரு. அடுத்த வருஷமே. ரத்தம் கக்கி."

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது. குரல் ஏறவில்லை, ஆனால் கண்ணில் தெரிந்தது.

"பத்து வருஷம்! ஒரு டாக்டர்கிட்ட, ஒரு நர்ஸ்கிட்ட சொல்லணும்னு ஒங்களுக்குத் தோணலையா?"

"யாரு கேட்டா? சளி எங்கன்னு கேட்டான், குடுத்தோம். மாத்திரை எங்கன்னு கேட்டாங்க, காட்டுனேன். வீட்டுல என்ன இருக்குன்னு நீங்கதான் மொத மொதல்ல கேக்குறீங்க. இப்ப கேட்டீங்க, இப்ப சொல்லிட்டேன்!" என்று நானும் கத்தினேன். கத்தும்போதே அது பாதிதான் பதில் என்று எனக்குத் தெரிந்தது.

டாக்டர் அலமாரியிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மூணு நாள் காலையில இவரக் கூட்டிட்டு வாங்க. சளி வர்றதுக்கு ஆவி புடிக்க வச்சு, என் கண்ணு முன்னால நானே எடுப்பேன். டப்பா ஒங்க கைக்கு வராது" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று டப்பாவிலும் கிருமி இல்லை. கோலாலம்பூருக்கு அனுப்பிய ரத்தத்தில் புறாவின் பெயர்தான் வந்தது. மாத்திரை உறையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் சொன்னார்: "மொதல்ல புறா போகணும். கூண்டு, எறகு, எச்சம் எதுவும் இருக்கக் கூடாது. புறா இருக்கிற வீட்டுல இந்த மாத்திரை தண்ணியில போட்ட மாதிரிதான். இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனா நான் பாக்குறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவரிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு சாம்பல் புறாவின் காலில் நூல் சுற்றியிருந்ததைப் பிரித்துக்கொண்டிருந்தார். முதலில் காதருகில் குனிந்து மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை. கொஞ்சம் குரலை உயர்த்தினேன்.

"பொறாவா? பொறாவ எதுக்கு விக்கணும்?" காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கத்தான் பேசுவார். "மச்சான் பொறா அது. நான் செத்தப்புறம் என்னமும் பண்ணிக்க."

"இதுதாங்க ஒங்க நெஞ்சக் கெடுத்துச்சு! டாக்டர் ரத்தத்துல பாத்துட்டாங்க!"

"எனக்கு டீபி! பொறாவுக்கும் டீபிக்கும் என்னா? ஒன் டாக்டருக்குப் பைத்தியம்லா."

"ஒங்களுக்கு டீபியே இல்ல!"

"கவர்மெண்டுக்காரன் டப்பாவுல பாத்து எழுதியிருக்கான்! நீ என்னா பெரிய டாக்டரா?"

எழுதிக் காட்டலாம் என்றால் இவருக்கு எழுத்து தெரியாது. சைகையில் சொல்லக்கூடிய விஷயமா இது? எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு செங்கல் சுவர், அதுவும் கூரை வரைக்கும் இல்லை. அந்தப் பக்கம் இருளாயி அண்ணி அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டது. நான் நின்று யோசித்தேன். இவருக்கு உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. எனக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. டிரசர்மேல், கவுண்டர் மிஸ்ஸிமேல், செத்துப்போன மனிதர்மேல், பிடிவாதம் பிடிக்கிற இவர்மேல். அந்தக் கோபத்தின் பலத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"அந்த டப்பாவுல இருந்தது ஒங்க சளி இல்ல! சன்னாசி அண்ணன் சளி! நாந்தான் போயி வாங்கிட்டு வந்தேன்! அவருக்குத்தான் டீபி! அதுலதான் அவரு செத்தாரு!"

இவர் கையில் இருந்த புறா நழுவிப் பறந்தது. அடுத்த வீட்டில் அம்மிச் சத்தம் நின்றது.

இருளாயி அண்ணி கொல்லை வழியாக வந்தார். கையில் மிளகாய் ஒட்டியிருந்தது. இவரை அவர் பார்க்கவே இல்லை.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"இவர லோரியில ஏத்திட்டுப் போன அன்னிக்கே அண்ணி."

"அப்ப அவரு உசுரோட இருந்தாரு."

"ஆமா. அண்ணன்தான் சொல்ல வேணாம்னாரு, வீடு போயிரும்னு..."

"அவரு பயந்தாரு. பயந்தவன் சொன்னத நீ கேப்பியா? எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடியப் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஊசி போட வச்சிருப்பேனே. வீடு போனா என்னாடி, ரோட்டுல கெடந்திருப்போம். அப்பன் சம்சு குடிச்சு செத்தான்னு எம்புள்ளைய ஊரே பேசுச்சு. அப்பவும் எம்பக்கத்துல ஒக்காந்து கையப் புடிச்சிட்டு இருந்தியே, பாவி!"

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கூண்டுப் பக்கம் போய்க் கம்பி வழியாக உள்ளே பார்த்தார்.

"தாப்பாவுலேருந்து ராஜுவ லோரி கொண்டாரச் சொல்றேன். பொறா என் புருஷனோடது. சீக்கும் என் புருஷனோடது. எங்க சாமான் ஒண்ணுகூட ஒன் வீட்டுல இருக்கக் கூடாது."

அவர் மகன் ராஜு மறுநாள் வந்தான். தாப்பா பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கிறவன். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் புறாக்களைக் கூடைகளில் அடைத்து ஏற்றினான். அண்ணியும் அவனோடு ஏறிக்கொண்டார். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்தார். எட்டு வருஷமாக எங்கள் ஆணியில்தான் அந்தச் சாவி தொங்கும். நான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கூண்டை உடைத்து எரித்தேன். ஜன்னல், சுவர், தரை எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். இவர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மாத்திரையை மட்டும் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் அந்தப் படிக்கட்டு. இருபத்திரண்டு படியில் இவர் ஒரே ஒரு இடத்தில்தான் நின்றார். உதடு உதட்டின் நிறத்தில் இருந்தது. பழுதானது பழுதானதுதான், ஆனால் மிச்சம் இருப்பது நிற்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வெளிப் பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். எனக்கு மனசு கொள்ளாத சந்தோஷம் வந்திருக்கவேண்டும். கண்ணீர்தான் வந்தது.

இவர் என் பக்கம் திரும்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"ராக்காயி" என்றார். வழக்கம்போல உரக்க. பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்குப் போட்ட ஊசிய மச்சானுக்குப் போட்டிருந்தா பொழச்சிருப்பானா?"

நான் தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம். ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொழச்சிருப்பாரு!" என்று அவர் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.